வாடகைக்கு விடாத வீடு

டைல்ஸ் கடைக்காரர் வெளிநாட்டில் வீடு வாங்கிய சேதி வந்தபோது அவருடைய மனைவி ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய கிளினிக். வாசல் பலகையில் பிசியோதெரபி என்று எழுதியிருந்தாலும் அக்கம்பக்கத்தாருக்கு அவள் எக்சர்சைஸ் டாக்டர். அதுவும் நாளடைவில் தேய்ந்து வெறும் டாக்டரம்மா ஆகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து நேராக வந்த கடைக்காரர், பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றார்.

“ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு வந்திருக்கேன். வீடு வாங்கிட்டேன்.”

“யாருக்கு?”

“நமக்குத்தான். டைல்ஸ் கண்காட்சிக்குப் போனேன்ல, அந்த ஊர்லயே. அட்வான்ஸ் குடுத்தாச்சு. பழைய துறைமுகம், கோட்டை, கல் பாவின தெரு, எங்க பார்த்தாலும் சுற்றுலாக் கூட்டம். வாடகை நிக்காம வரும். முதலீடு.”

அவள் வாயைத் திறப்பதற்குள், படுத்திருந்த முழங்கால்காரர் தலையைத் தூக்கி, “சார், கடல் தெரியுமா?” என்று கேட்டார்.

“பால்கனியில நின்னு கொஞ்சம் எட்டிப் பார்த்தா தெரியும்” என்றார் கடைக்காரர், முகமெல்லாம் பல்லாக.

கணவன் வீடு வாங்கிய கதையை முழங்கால்காரரோடு சேர்ந்துதான் தானும் கேட்க வேண்டியிருந்தது என்பது அவளுக்கு முதல் முள். பிடித்திருந்த காலைக் கொஞ்சம் கூடுதலாகவே மடக்கிவிட்டாள். முழங்கால்காரர் “அம்மா!” என்று அலறினார்.

ஆரம்பத்தில் அவள் அதை ஒரு நகை வாங்கி லாக்கரில் வைத்த மாதிரிதான் நினைத்தாள். வாங்கியாச்சு, பூட்டியாச்சு, அதுபாட்டுக்கு இருக்கும் என்று. ஆனால் வீடு அதுபாட்டுக்கு இருக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் கடைக்காரர் போனில் அந்த ஊர் வானிலையைப் பார்ப்பார். “அங்க இன்னிக்குக் கொஞ்சம் மழை போலிருக்கு. பால்கனிக் கதவைச் சாத்தினாங்களோ இல்லியோ” என்று கவலைப்படுவார். அதே நேரத்தில் இங்கே மொட்டை மாடியில் காயப்போட்ட துணி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருக்கும். அங்கே குடியிருப்பவர் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உடனே ஆள் அனுப்புவார். சொந்த வீட்டுக் குளியலறையில், டைல்ஸ் கடைக்காரர் வீட்டுக் குளியலறையில், விரிசல் விட்ட தரை டைல் ஒன்று வருஷக்கணக்காகக் காலைக் கிழித்துக்கொண்டிருந்தது. கேட்டால், “பாக்கறேன்” என்பார். அந்த “பாக்கறேன்” எத்தனையோ பொங்கலைப் பார்த்துவிட்டது.

அந்த வீட்டில் ஆள் மாறும்போதெல்லாம் அவரும் ஒரு நடை போய்விட்டு வந்தார். போகிற வாரம் முழுக்க வாயில் சீட்டி. வந்த மறுநாளே இடுப்புவலி. தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கச் சொன்னால், “டிஸ்க்கு விலகினவனப் போய்த் தூக்கச் சொல்றியே, நீ டாக்டர்தானா?” என்று அவளையே திருப்பிக் கேட்பார். கேனை அவள் தூக்குவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரின் தங்கை வந்திருந்தாள். நாத்தனாரும் டாக்டரம்மாவும் நல்ல சிநேகிதம். ஒருவர் குறையை இன்னொருவர் கண்டுகொள்ளாமல் இருப்பதில் ஏற்பட்ட சிநேகிதம். கடைக்காரர் தன் போனை நீட்டி, “நம்ம வீட்டு சமையலறை. புதுசா மாத்தினேன்” என்று படம் காட்டினார்.

டாக்டரம்மா பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒரு வரிசை நீல டைல்ஸ். ஆழமான நீலம், ஓரத்தில் லேசான பச்சை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த டைல்ஸைக் கடையில் பார்த்து ஆசைப்பட்டு, நம் சமையலறைக்குப் போடலாம் என்று அவள் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. லாட் தீர்ந்துபோச்சு, இனிமே வந்தாலும் ஷேடு மாறும் என்று சொல்லிவிட்டார்.

“இது கெடைக்கலன்னு சொன்னீங்களே?”

“ஒரே ஒரு பெட்டி குடோன்ல மூலையில கெடந்துது. நம்ம சமையலறைக்குப் பத்தாது. அங்கதான் சின்ன சுவரு.”

“எப்படி அங்க போச்சு?”

“பெட்டியிலதான். துணிக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டுப் போனேன்.”

“டிஸ்க்கு விலகின இடுப்போட?”

கடைக்காரர் போனை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளறையில் போன் ஒரு குரல்செய்தியைப் பாடியது. ஒரு பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறையச் சிரிப்பு. கடைக்காரரும் உள்ளே சிரித்தார்.

“யாரு அது?” என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி.

“வீட்டு சாவி அவகிட்டதான் இருக்காம். ஆள் மாறும்போது சுத்தம் பண்ணிக் குடுப்பாளாம்.”

“சாவிக்காரியா!” நாத்தனாருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. “அண்ணி, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இப்படி ஓடி ஓடிப் போற ஆம்பளைய நான் பார்த்ததே இல்ல. எனக்கு அண்ணன்தான். ஆனா நான் உங்க கட்சி.”

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. சோறு இறங்கியது, இறங்கிய பிறகு எரிந்தது. நோயாளியின் தோளைப் பிடித்துச் சுழற்றும்போது மனதுக்குள் ஒரு கல் பாவிய தெரு ஓடும். அதில் கரகரத்த குரலில் ஒருத்தி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடப்பாள். முகம் மட்டும் தெரியாது. தெரியாத முகத்துக்கு அவள் நாளுக்கொரு அழகைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் கடைக்காரர் இரண்டாவது வீடு என்று ஆரம்பித்தார். முதல் வீட்டுக்குப் பின்புறச் சந்தில், முதல் மாடியில், சின்ன வீடு ஒன்று விலைக்கு வருகிறதாம். விடக்கூடாதாம். ஒரு சிக்கல் மட்டும்: இந்த முறை கடையில் எடுத்தது போதாமல், அவள் கிளினிக்கில் சேர்த்து வைத்ததும் வேண்டியிருந்தது. அவள் பங்கு போட்டால் பத்திரத்தில் அவளும் வரவேண்டும். பத்திரத்தில் வந்தால் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும்.

“போட்டுத்தான் ஆகணும்னா வர்றேன்” என்றாள் அவள், வேண்டாவெறுப்பாகச் சொல்வது போல. அன்று மத்தியானமே போய் ஒரு நல்ல கோட்டு வாங்கினாள்.

டாக்சி அவர்களை ஒரு பழைய கட்டடத்தின் முன் இறக்கிவிட்டது. உப்புக் காற்றில் அரித்த கல் சுவர், இரும்புக் கம்பி போட்ட பால்கனிகள், கீழே ஒரு முடிதிருத்தும் கடை. லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடி. அவள் படிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குள் கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். தொழில் கண் அது, சும்மா இருக்காது. எடை இரண்டு காலிலும் சமமாக விழுந்தது. இடுப்பு ஒரு பக்கம் சாயவில்லை. தோள் இரண்டும் இறங்கி, கழுத்து நீண்டு, வயசில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு வந்த ஆள் மாதிரி ஏறினார். இந்த உடம்புக்கா நான் தினமும் ஒத்தடம் கொடுக்கிறேன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலே கதவைத் திறந்துவிட்டவள் சாவிக்காரி.

அழகிதான். அதில் ஏமாற்றம் இல்லை. நாற்பது சொச்சம் இருக்கும், நிமிர்ந்த உடம்பு, சிரிக்கும்போது முகமே அகலமாகும். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், “கடைசியில் வந்துவிட்டாயா!” என்று டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே அவள் கணவன், கீழ்க்கடை முடிதிருத்துபவர், தோளில் துண்டோடு வந்து கைகுலுக்கினார். டாக்டரம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கடைக்காரரும் சாவிக்காரியும் ஜன்னல் கொக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். மனிதர்கள் வாயால் சொல்லாததை முதுகால் சொல்லிவிடுவார்கள். அது அவள் பிழைப்பில் கற்ற பாடம். அந்த இரண்டு உடம்புகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு சாய்வு இல்லை, ஒரு ஒதுங்கல் இல்லை. ஜன்னல் கொக்கி மட்டும்தான் இருந்தது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்த இடத்தில் எதிராளியே இல்லை என்றால் எப்படி இருக்கும்? வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது, யார்மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அது மறுநாள் காலையில் தெரிந்தது.

முதல் வீட்டுக்கு அடுத்த குடித்தனம் வர இன்னும் நாள் இருந்ததால் அங்கேயே தங்கியிருந்தார்கள். அவள் கண் விழித்தபோது பக்கத்தில் கடைக்காரர் இல்லை. சமையலறையில் சத்தம். எழுந்து போனாள். நீல டைல்ஸுக்கு முன்னால் நின்று, ஈரக் கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு, சீட்டி அடித்தபடி காபி போட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி சுட்டிருந்தார். முட்டை உடைத்து ஊற்றியிருந்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். பால்கனி வழியாக எதிர்வீட்டுக்காரர் ஏதோ கத்த, இவரும் கரண்டியை ஆட்டி ஏதோ கத்தினார்.

“எழுந்துட்டியா? இந்தா, சூடா குடி.”

அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள். நல்ல காபி. அளவான சர்க்கரை. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“ஏம்மா, என்ன ஆச்சு? நல்லா இல்லியா?”

“நல்லாருக்கு. அதுதான்.”

“நல்லாருந்தா யாராவது அழுவாங்களா?”

“கல்யாணமானதுலேருந்து நம்ம வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா? காபி ஆறிடுச்சுன்னு உள்ளேருந்து சத்தம் போடத்தான் தெரியும். இங்க முட்டை ஊத்தறீங்க, தம்ளர் கழுவறீங்க, ரெண்டு பெட்டியத் தூக்கிட்டு மாடி ஏறுறீங்க. அப்போ அங்க இருக்கறது யாரு? என்கூடக் குடும்பம் நடத்தினது யாரு?”

கடைக்காரர் அடுப்பை அணைத்தார். சமாளிக்கப் பார்க்கிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். சமாளிக்கிற முகம் அவளுக்கு அத்துப்படி. இது அது இல்லை.

“அங்க நான் கதவைத் தொறந்தா கடை முதலாளி. இந்தப் பக்கம் திரும்பினா அண்ணன், அந்தப் பக்கம் திரும்பினா மாமா. ஒரு டீ குடிக்கப் போனாக்கூட, என்ன சார், பில்லுல கொஞ்சம் கொறைங்கன்னு ஒருத்தன் வந்துடுவான். இங்க என்னை ஒருத்தனுக்கும் தெரியாது. சும்மா நாலாவது மாடிக்காரன். காலையில எழுந்தா ஒடம்பு லேசா இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

“பொய்யின்னு சொல்லல.”

“பின்ன?”

“எனக்கும் அந்த மாதிரி ஒரு மாடி வேணும்னு இருக்குமான்னு ஒரு தடவையாவது நெனச்சீங்களா? நீங்க அண்ணன், மாமா, முதலாளி. நான் மட்டும் என்ன, ஒத்த ஆளாவா இருக்கேன்? முட்டி வலிக்கறவன், கழுத்து பிடிச்சுக்கிட்டவன் எல்லாரும் போனப்புறம் உங்க இடுப்பு வந்து படுத்துக்கும்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. வீட்டின்மேல் பொறாமை என்று நினைத்தாள், பிறகு சாவிக்காரியின்மேல் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. இத்தனை நாளும் அவளுக்குக் காந்திக்கொண்டிருந்தது இந்த மனிதனைப் பார்த்துத்தான். தனக்கென்று ஓர் இடத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு முதலீடு என்று பேரும் வைத்துவிட்ட இவரைப் பார்த்துத்தான்.

அன்று சாயங்காலம் இரண்டாவது வீட்டைப் பார்க்கப் போனார்கள். சந்து இருட்டு, படி குறுகல். உள்ளே ஒரே ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு மூலை. ஆனால் ஜன்னலைத் திறந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், துறைமுகத்தின் பாரந்தூக்கி ஒன்று மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையை மிதித்துப் பார்த்தார். “சுற்றுலாக்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். காலியே இருக்காது” என்றார்.

டாக்டரம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. “இதை வாடகைக்கு விட வேணாம்” என்றாள்.

“அப்புறம்?”

“இதுல நான் இருப்பேன். வருஷத்துல ஒரு மாசம். தனியா.”

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “முதலீடும்மா இது.”

“இதுவும் முதலீடுதான். சம்மதம்னா நாளைக்குக் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா என் காசு என் பேங்குல தூங்கட்டும்.”

எங்கே போகப்போகிறாள், கிளினிக்கை விட்டுவிட்டா வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்ட கடைக்காரர் சரி என்றார். பத்திர அலுவலகத்தில் அவள் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கோடை முடிந்ததும் அவள் கிளினிக்கை ஜூனியர் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறியபோது கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. விமான நிலையத்தில்கூட, “போய் நாலு நாள் இருந்துட்டு வந்துடுவ, தெரியும்” என்றார். நாத்தனார்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் சில நாட்கள் அவள் தூங்கினாள். தூங்கி எழுந்து மறுபடி தூங்கினாள். பிறகு கடற்கரைச் சுவர் ஓரமாக, கால் போன போக்கில், எவன் முட்டியையும் பார்க்காமல் நடந்தாள். பார்க்காமல் என்பது கொஞ்சம் பொய். ரொட்டிக் கடைக்காரரின் இடது தோள் இறுகிக் கிடந்தது கண்ணில் பட்டது. கை பரபரத்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இங்கே அவள் டாக்டரம்மா இல்லை. சாவிக்காரியோடு போய் மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து ஜன்னல் சட்டத்துக்குத் தானே அடித்தாள்.

கடைக்காரர் தினமும் போன் செய்தார். முதலில் சட்டை எங்கே, மாத்திரை எங்கே என்று. பிறகு கேள்விகள் மாறின.

“பின்னாடி யாரு சிரிக்கறது?”

“முடிதிருத்தறவரு. கதவு கீல் சத்தம் போடுதுன்னு எண்ணெய் விட வந்தாரு.”

“அதுக்கு என்ன அவ்வளவு சிரிப்பு?”

“அவரு சொன்னது அப்படி.”

“என்ன சொன்னாரு?”

“உங்களுக்குச் சொன்னா சிரிப்பு வராது. வெக்கட்டுமா? பால் பொங்குது.”

போனை வைத்துவிட்டு அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பால் பொங்கவில்லை.

மாதம் முடிய இன்னும் நாள் இருக்கையில், ஒரு பகலில், கதவு தட்டப்பட்டது. திறந்தால் கடைக்காரர். கையில் ஒரே ஒரு சின்னப் பை. அவளைப் பார்த்துத் திகைத்து, ஒரு கணம் வீடு மாறி வந்துவிட்டோமோ என்பது போலப் படியைத் திரும்பிப் பார்த்தார்.

“முடி எங்க?”

இடுப்பு வரை இருந்த பின்னல் போய், கழுத்தோடு நின்றிருந்தது.

“முடிதிருத்தற கடையில பெருக்கித் தள்ளிட்டாங்க” என்றாள். “என்ன திடீர்னு?”

“நாலாவது மாடி வீட்டுல ஏதோ... ஒழுகுதுன்னாங்க.”

“அங்க குடித்தனம் இருக்கே. எங்க தங்கப் போறீங்க?”

கடைக்காரர் அதை யோசித்திருக்கவில்லை. வாசலிலேயே பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஒழுகல் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. “உள்ள வாங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க” என்றாள், விருந்தாளிக்குச் சொல்வது போல.

அந்த இரண்டு நாளும் அவர் அவள் பின்னாலேயே அலைந்தார். ரொட்டிக் கடையில் அவளுக்கு மட்டும் வணக்கம். முடிதிருத்தும் கடை வாசலில் அவளும் சாவிக்காரியும் முடிதிருத்துபவரும் கை கால் ஆட்டிப் பேசிய கதை அவருக்குப் பாதிதான் புரிந்தது. நாலாவது மாடிக்காரரை அந்தத் தெரு மறக்கவில்லை. ஆனால் இப்போது அவர், முதல் மாடிக்காரியின் கணவர். இரண்டாம் நாள் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“எங்கிட்ட ஒருநாள்கூட இப்படிச் சிரிச்சதில்லியே நீ” என்றார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்ல மனசுக்காரிக்கு அப்படி இருந்திருக்கக் கூடாதுதான். ஆனால் இருந்தது, அதை அவள் நிதானமாக அனுபவித்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அதே முகத்தைத்தான் அவள் நாள்தோறும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான், கொஞ்சம் தாமதமாக, பாவமாக இருந்தது.

“நீங்களும்தான் எனக்கு சீட்டி அடிச்சுக் காட்டினதில்ல” என்றாள்.

கிளம்புகிற அன்று அவர் சட்டைப் பொத்தானைத் திருகியபடி கேட்டார். “அடுத்த தடவை ரெண்டு பேரும் சேந்தே வரலாமா?”

“அடுத்த தடவை நீங்க உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. அப்புறம் நான் என் வீட்டுக்கு வர்றேன். அதுக்கப்புறம் பேசிக்கலாம்.”

“அப்போ சேந்து வரவே மாட்டியா?”

“வரமாட்டேன்னா சொன்னேன்? யோசிச்சுச் சொல்றேன்.”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவள் ஜன்னலில் நின்றாள். சந்து முனையில் முடிதிருத்துபவர் அவரைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, கடைக்காரர் தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்க, வாய்விட்டுச் சிரித்தார். அப்படி என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அடிவயிற்றில் பழைய எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது. இது ஒரேயடியாகப் போய்விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் கண்ணுக்கு மறைகிற வரை நின்றுவிட்டு, ஜன்னலை நன்றாக விரியத் திறந்து வைத்தாள்.